இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து

அன்பு மகனுக்கு,

இதை எழுதுவது அப்பா. உறையைப் பார்த்ததும் யாரைப் பிடித்து எழுதி வாங்கினாரோ என்று நினைத்திருப்பாய். யாரையும் பிடிக்கவில்லை. உன் விலாசம் மட்டும் நீ போன வருடம் அனுப்பிய பார்சலிலிருந்து கத்தரித்து ஒட்டியது. அந்த ஊர் எழுத்து எனக்கு இன்னும் வராது. மற்றதெல்லாம் என் கை. அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்.

நானும் உன் அம்மாவும் சுகம். அவளுக்குப் படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலிக்கிறது. இறங்கும்போது வலிக்கவில்லையாம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். நீயும் மருமகளும் பேரனும் அங்கே நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனிலேயே இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நாம் பேசுவது உனக்கே தெரியும். "நல்லா இருக்கீங்களாப்பா" என்பாய். "இருக்கேன்" என்பேன். "மழை பெஞ்சுதா" என்பாய். "பெஞ்சுது, இரு, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்பேன். இருபது வருடமாக நமக்குள் மழைதான் பெய்துகொண்டிருக்கிறது.

நான் ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம்தான் எழுதுவேன். அதற்கு மேல் கட்டைவிரல் மடங்காது. அதனால் இந்தக் கடிதத்துக்குள் கிழமை மாறிக்கொண்டே போகும், குழம்பாதே. இன்று திங்கட்கிழமை.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழு மாதத்துக்கு முன்பு வரை உன் அப்பாவுக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. பார்சல் ஆபீசில் நாற்பது வருடம் மூட்டை ஏற்றினேனே, பெட்டி மேல் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை நான் படிக்கவில்லை. முகம் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது போலக் கண்டுபிடித்தேன். தொப்பை போட்ட எழுத்தில் ஆரம்பித்துக் கொம்பில் முடிந்தால் மூன்றாவது லாரி. நடுவில் கொக்கி இருந்தால் ஐந்தாவது. அப்படி நாற்பத்திரண்டு ஊர். ஒரே ஒரு தடவைதான் மாற்றி ஏற்றினேன், அதற்கும் எழுதியவன் கையெழுத்துதான் காரணம். யாராவது ஒரு தாளை நீட்டிப் படிக்கச் சொன்னால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "அடடா, கண்ணாடியை வீட்டுல வச்சிட்டேனே" என்பேன். அந்தக் காலத்தில் என்னிடம் கண்ணாடியே கிடையாது.

செவ்வாய்.

மாட்டிக்கொண்ட கதையைக் கேள். போன வருடக் கடைசியில் நிஜமாகவே பார்வை மங்கியது. நம் தையல்காரன் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். டாக்டரம்மா சுவரில் ஒரு அட்டையைக் காட்டி, கீழ் வரியைப் படியுங்கள் என்றார். தெரியவில்லை என்றேன். அதற்கு மேல் வரி? தெரியவில்லை. கடைசியில் தலை அளவு பெரிய எழுத்து ஒன்று, தெருவிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும். அதுவும் தெரியவில்லை என்றேன். டாக்டரம்மா பயந்துவிட்டார். விளக்கை அடித்து அடித்துப் பார்த்தார். நாளைக்கே ஆபரேஷன் என்றார். பின்னால் நின்ற தையல்காரன் என் முகத்தைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். பஸ்ஸில் வரும்போது, "நாப்பது வருஷமா என் கடையில உக்காந்து பேப்பரைப் புரட்டுனியே, அப்ப என்னத்தடா பாத்த?" என்றான். "படம் பாத்தேன்" என்றேன். டாக்டரம்மாவிடம் அவன் உண்மையைச் சொல்லிவிட்டதால் ஆபரேஷன் வெறும் கண்ணாடியாகச் சுருங்கியிருந்தது.

அவன் கடைக்கு மேல் மாடியில் ஒரு காலி அறை இருக்கிறதல்லவா, பழைய கேரம் போர்டு கிடக்குமே, அங்கே பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிற வகுப்பு ஆரம்பித்தார்கள். சொல்லித்தருவது பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி. அங்கே இப்போது ஒரு விதியாம். பட்டம் வாங்கப்போகிற பிள்ளைகள் எல்லோரும் இருநூறு மணி நேரம் ஊருக்கு ஏதாவது வேலை செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் எத்தனை மார்க் வாங்கினாலும் பட்டம் கிடையாது. மரம் நடுவது, ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்ற சுலபமான வேலையையெல்லாம் மற்றவர்கள் முந்திக்கொண்டார்களாம். இவள் பெயர் கொடுக்கப் போனபோது மிஞ்சியது கிழடுகள்தான். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

அவள் படிப்பது பாறைகளைப் பற்றி. எந்தப் பாறைக்கு எத்தனை வயது என்று பார்த்தே சொல்லிவிடுவாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு வேலை எளிதாகியிருக்கும்.

முதல் நாள் நாங்கள் நான்கு பேர். அவள் ஒரு மணி நேரத்தில் பதினோரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அன்றே தையல்காரன் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்துவிட்டான். பத்து நாளில் மற்ற மூவரும் நின்றுவிட்டார்கள். நானும் நின்றிருப்பேன், தினமும் தையல்காரன் கடை வாசலில் நின்று "மேல போ" என்று கத்திரிக்கோலைக் காட்டினான். கடிகாரம் என்னிடம் நேராகவே சொன்னாள். "தாத்தா, நீங்களும் நின்னுட்டீங்கன்னா என் மணிக்கணக்கு போச்சு. எனக்காக வாங்க" என்றாள். எனக்காக வாருங்கள் என்று என்னிடம் எத்தனையோ பேர் மூட்டை தூக்கக் கேட்டிருக்கிறார்கள். படிக்க வரச்சொல்லி யாரும் கேட்டதில்லை. சரியென்றேன்.

ஒரு மாதம் ஒன்றும் ஏறவில்லை. அவளுக்குக் கோபம், எனக்கு அதைவிடக் கோபம். ஒரு நாள் கரும்பலகையில் ஏதோ ஊர்ப் பெயரை எழுதினாள். "மூணாவது லாரி" என்றேன். புரியாமல் இன்னொரு ஊரை எழுதினாள். "அஞ்சாவது" என்றேன். அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு எனக்குத் தெரிந்த நாற்பத்திரண்டு ஊரையும் ஒவ்வொன்றாக எழுதி, முழுப் பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கிற சாமானைக் காட்டுவது போல ஒவ்வொரு ஊரிலிருந்தும் எழுத்தைத் தனித்தனியாக எடுத்துக் காட்டினாள். "தாத்தா, சரக்கு எல்லாமே உங்ககிட்டதான் இருக்கு. நீங்கதான் பிரிக்கவே இல்ல" என்றாள். அன்று இரண்டு மணி நேரம் போனது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. கீழேயிருந்து தையல்காரன் வந்துதான் விளக்கை அணைத்தான்.

புதன். நாளைக்கு ஒரு பெரிய காரியம் இருக்கிறது, அதனால் இன்றைக்கு வேகமாக எழுதுகிறேன். வேகம் என்றால் என் வேகம்.

அவளிடம் ஒரு பச்சைப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் செய்தாள் என்று அதில் எழுதி, யாருக்குச் செய்தாளோ அந்த ஆள் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் இரண்டு மாதம் கைநாட்டு வைத்தேன். பிறகு பெயரை எழுத்துக் கூட்டி எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையில் நிற்கும், சண்டை போட்டுக்கொண்ட குடும்பம் போல. நான்காவது மாதம் அவள், "பெயர் எழுதுறது வேற, கையெழுத்து வேற. உங்களுக்குன்னு ஒண்ணு முடிவு பண்ணிட்டு வாங்க தாத்தா" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அடியில் இருந்த ஒரு ரிப்போர்ட் கார்டை எடுத்தேன். எந்தக் கார்டு என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

நீ ஏழாவது படித்தாய். உன் தங்கை பிறந்து உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டு பாடத்தில் தவறிவிட்டாய். எப்போதும் அம்மாதான் கையெழுத்துப் போடுவாள், அவள் இல்லை. அப்பாவின் கையெழுத்தை நீயே போட்டுவிட்டாய். வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக்கூடத்துக்கு நான் வந்தது அந்த ஒரு தடவைதான். நீ மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். வாத்தியார் கார்டைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானா?" என்றார். ஆமாம் என்றேன். உன்னைக் காப்பாற்ற என்று நீ நினைத்திருப்பாய். எனக்குக் கையெழுத்தே கிடையாது என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் ஆமாம் என்றேன். அவர் ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தி, "அப்ப இதுல ஒரு தடவ போடுங்க" என்றார். நான் சட்டைப் பையைத் தடவினேன். "கண்ணாடி கொண்டு வரல" என்றேன். அவர் புரிந்துகொண்டார். அவர் புரிந்துகொண்டது எனக்குப் புரிந்தது. கார்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் உன் கூட்டாளிகள் எல்லோரும் பார்க்க உன்னை அடித்தேன். பொய்யன் என்றும் திருடன் என்றும் சொன்னேன்.

நீ தவறியதற்காக அடிக்கவில்லையப்பா. பொய்க் கையெழுத்துக்காகவும் அடிக்கவில்லை.

அந்தக் கார்டை ஏன் முப்பத்தோரு வருடம் வைத்திருந்தேன் என்று கேட்டால் பதில் சரியாகத் தெரியாது. அதில் எழுதியிருப்பது என் பெயர் என்று தெரியும். என் பெயரை அவ்வளவு அழகாக வேறு யாரும் எழுதியதில்லை. முதல் எழுத்து பெரிய சுழி. கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து அடியில் ஒரு கோடாக ஓடும். கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. கலெக்டர் போடுகிற மாதிரி இருக்கும். எனக்கென்று ஒரு கையெழுத்து வேண்டும் என்றதும் வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. பதினெட்டு நாள் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். உன் அம்மா பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வாலை இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு பச்சைப் புத்தகத்தில் அந்தக் கையெழுத்துதான். இருநூறு மணியும் முடிந்தது. கடிகாரத்துக்கு மலைப் பக்கம் ஒரு வேலைகூடக் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதி, பட்டத்தோடு போய்ச் சேர வேண்டும்.

இப்போது பார். போன வாரம் அவள் வந்து, எனக்கு ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். முகம் வாடியிருந்தது. கேட்டதற்குத் தலைவலி என்றாள். புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. பல்கலைக்கழகத்து முத்திரை. சரி, ஆபீஸ் கடிதம் ஒன்றைப் படித்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. என் வாழ்க்கையில் நான் படித்த முதல் ஆபீஸ் கடிதம். அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? சேவை பெற்றவரின் கையொப்பம் ஐயத்துக்குரியது. கைநாட்டு வைத்த முதியவர் நான்கே மாதத்தில் இப்படிக் கையொப்பமிட இயலாது. மாணவியே இட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. விசாரணை முடியும் வரை பட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது.

என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்கிறதாம். அரை நிமிடம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் மீதி உறைத்தது. விசாரணையில் தோற்றால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும், அந்த வேலையும் போய்விடும். என்னைக் கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு அவள் என்னிடம் சொல்லவே இல்லை. அந்தத் தாளில் போட்டிருந்தபடி விசாரணை நாளைக்குக் காலை பத்து மணிக்கு. நானும் தையல்காரனும் அவளிடம் சொல்லாமலே போகிறோம். என் நோட்டு நான்கையும் எடுத்து வைத்துவிட்டேன். சாட்சிக்கு இருக்கட்டும் என்று அந்த ரிப்போர்ட் கார்டையும் வைத்திருக்கிறேன். சட்டையைத் தையல்காரன் தேய்த்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை. நேற்று எழுதவில்லை. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன்.

பல்கலைக்கழக வாசலில் ஒரு பெரிய நோட்டு. உள்ளே போகிறவர்கள் பெயர், யாரைப் பார்க்க, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். காவலாளி தையல்காரனிடம் பேனாவை நீட்டி, "பெரியவருக்கும் சேத்து நீங்களே எழுதிருங்க" என்றான். தையல்காரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நான் எழுதினேன். பின்னால் ஆறு பேர் நின்றார்கள். ஒரு பையன், "தாத்தா, உயில் எழுதுறீங்களா?" என்றான். "ஆமா, உன் பேர்ல எதுவும் வைக்கல" என்று தையல்காரன் சொன்னான். எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

இரண்டாவது மாடியில் ஒரு அறை. நீள மேசை, மேலே கண்ணாடி போட்டது. பதிவாளர், ஒரு வயதான பேராசிரியை, குறிப்பெடுக்க ஒரு குமாஸ்தா. கடிகாரம் ஓரமாக நின்றாள். என்னைப் பார்த்ததும், "நீங்க எதுக்குத் தாத்தா வந்தீங்க" என்றாள். "என் கையெழுத்தைப் பத்திப் பேசுறாங்க, நான் வராம இருந்தா நல்லா இருக்குமா?" என்றேன்.

பதிவாளர் தங்கமான மனிதர்தான், ஆனால் விதியைக் கரைத்துக் குடித்தவர். "பெரியவரே, முதல்ல கைநாட்டு. அப்புறம் குழந்தை எழுத்து. அப்புறம் திடீர்னு இப்படி ஒரு கையெழுத்து. நாங்க எப்படி நம்புறது?" என்றார். "நானே இன்னும் நம்பல சார், அதான் தினமும் ஒரு தடவ போட்டுப் பாத்துக்கிறேன்" என்றேன். ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தினார். "இதுல ஒரு தடவ போடுங்க" என்றார்.

அதே வார்த்தை. பேனாவை எடுத்தேன். கோடு இல்லாத தாள், அடியில் வழுக்குகிற கண்ணாடி, பேனாவோ விலாங்கு மீன். சுழி கோணிக்கொண்டது. வால் எங்கேயோ போனது. பதிவாளர் பச்சைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு பேராசிரியையிடம் தள்ளினார்.

எனக்குப் பதற்றம். பையிலிருந்து கார்டை எடுத்து, "இந்தக் கையெழுத்துதான் சார், இதைப் பாருங்க, இதே சுழி, இதே வால்" என்று வைத்தேன். பதிவாளர் பார்த்தார். தேதியைப் பார்த்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடியே இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப இந்தப் பொண்ணு உங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்துச்சு? எல்லாம் தெரிஞ்சுகிட்டே கைநாட்டு வச்சு ரெண்டு பேரும் நாடகம் ஆடுனீங்களா?" என்றார்.

பார்த்தாயா? உதவி செய்யப் போய் அவள் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இவ்வளவு வயது ஆகியும் ஒரு தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை. கடிகாரத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. தையல்காரன் என் முதுகில் கிள்ளினான்.

பேராசிரியை கார்டைக் கையில் எடுத்து, மெதுவாக, "ஐயா, இது உங்க கையெழுத்துதானா?" என்று கேட்டார்.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பழக்கம் அப்படி. ஆனால் இந்தத் தடவை பையில் கண்ணாடி இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"இல்லம்மா" என்றேன். "இது என் மகன் போட்டது. அப்ப அவனுக்குப் பன்னெண்டு வயசு. எனக்கு அப்ப கையெழுத்தே கிடையாது. வாத்தியார் இதே கேள்வியைக் கேட்டார், ஆமான்னு பொய் சொன்னேன். போட்டுக் காட்டச் சொன்னார், கண்ணாடி இல்லன்னு பொய் சொன்னேன். அப்புறம் பொய் சொன்னதுக்காக அவனை அடிச்சேன். இந்தப் பொண்ணு கையெழுத்து ஒண்ணு வேணும்னு சொன்னப்ப, எனக்குத் தெரிஞ்ச ஒரே கையெழுத்து இதுதான். இதைப் பாத்துத்தான் பழகினேன்" என்றேன்.

நாற்பது வருடம் பக்கத்தில் இருந்த தையல்காரனுக்கே இது தெரியாது. கிள்ளிய கையை எடுத்துவிட்டு என் தோளில் வைத்துக்கொண்டான். குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டார். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். தோளிலிருந்து மூட்டையை இறக்கினால் ஒரு நிமிடம் உடம்பு மேலே மிதக்கும் பார், அப்படித்தான் இருந்தது.

பேராசிரியை எழுந்து போய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு அறிவிப்பைக் கிழித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "இதைப் படிங்க" என்றார். காலையில்தான் ஒட்டியதாம், மனப்பாடம் செய்திருக்க வழியில்லை. விரலை வைத்துப் படித்தேன். "விடுதி மாணவர்கள் கவனத்துக்கு. குழாய் பழுது பார்க்கப்படுவதால் சனிக்கிழமை காலை ஆறு மணி முதல் மாலை வரை தண்ணீர் வராது." படித்து முடித்துவிட்டு, "பாவம் பிள்ளைங்க, எங்க வீட்டுத் தொட்டியும் ஒழுகுது" என்றேன். பதிவாளர் சிரித்துவிட்டார். அவர் சிரிப்பார் என்று குமாஸ்தாவே எதிர்பார்க்கவில்லை போல.

"இன்னொரு தடவ போடுறேன் சார்" என்றேன். "ஆனா என் நோட்டுலதான் போடுவேன், என் பேனாவுலதான் போடுவேன், மெதுவாத்தான் போடுவேன்." பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியை, "போடட்டும், நமக்கு என்ன ரயிலா போகப்போகுது" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுழி. எழுத்துகள். வால் திரும்பி வந்து அடியில் ஓடியது. புள்ளி ஒன்று. புள்ளி இரண்டு. பேனாவை எடுத்தபோது கடிகாரம் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

பச்சைப் புத்தகம், என் நோட்டு, உன் கார்டு, மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். பேராசிரியை கேட்டார், "எல்லாம் சரி, இந்த ரெண்டு புள்ளி எதுக்கு?" என்று. "எனக்குத் தெரியலம்மா. அவன் வச்சிருந்தான், நானும் வச்சேன். அவனைத்தான் கேக்கணும்" என்றேன்.

பதிவாளர் மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். பச்சைப் புத்தகத்தில் ஓங்கி ஒரு குத்து. நான்காவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

வெளியே வந்ததும் கடிகாரம் அழப்போகிறாள் என்று தையல்காரன் கைக்குட்டையை எடுத்தான். அவள் என்னைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள். "யாரு தாத்தா உங்களை அந்தக் கார்டைக் கொண்டு வரச் சொன்னது? என் உயிரே போயிடுச்சு!" என்றாள். அப்புறம் அதே மூச்சில், படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நாங்கள் இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பஸ் நேரத்தைத் தவறவிட்டோம்.

அதற்கப்புறம் பதினோரு நாள் ஓடிவிட்டது. கடிதத்தை அப்படியே வைத்திருந்தேன், முடிவையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று. நேற்றுத்தான் பட்டமளிப்பு விழா. அவள் வீட்டார் உட்காரும் வரிசையில் எனக்கும் உன் அம்மாவுக்கும் தையல்காரனுக்கும் இடம் போட்டிருந்தாள். முழங்கால் வலிக்கிறது என்று சொன்ன உன் அம்மா மூன்று மாடி ஏறினாள்.

எல்லோர் கையிலும் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். பட்டம் வாங்குகிறவர்கள் பெயர் முழுக்க அதில் இருந்தது, எழுநூறுக்கு மேல். மேடையில் ஒருவர் மைக்கில் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். நானும் என் புத்தகத்தில் விரலை வைத்துத் தேட ஆரம்பித்தேன். தையல்காரன் காட்டித்தருகிறேன் என்றான், கையைத் தட்டிவிட்டேன். அவள் பெயர் என் விரலுக்கு அகப்பட்டபோது, மேடையில் படித்துக்கொண்டிருந்தவர் இன்னும் முப்பது பெயர் பின்னால் இருந்தார். மைக் வைத்துப் படிக்கிற ஆளை நான் முந்திவிட்டேன்! உன் அம்மாவிடம் சொன்னேன், "இன்னும் முப்பது பேர் கழிச்சு நம்ம பொண்ணு" என்று. சரியாக முப்பதாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். கருப்பு அங்கி தரையில் புரள நடந்து வந்தாள். சுருட்டிய தாளை வாங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது போலக் கையைத் திருப்பி எங்கள் பக்கம் காட்டினாள். தையல்காரன் விசில் அடித்தான். எழுபது வயதில்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் அந்த அறையில் நான் சொன்னதையெல்லாம் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்கு அப்போதே தெரியும் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பழைய பேப்பருக்கு எடுத்து வைக்கும்போது உன் கணக்கு நோட்டைப் பார்த்தாளாம். கடைசி நான்கு பக்கம் முழுக்க என் பெயரே இருந்ததாம். ஒவ்வொன்றும் ஒரு விதமாக. "மார்க்குக்காகத்தான்னா ஒரு தடவ கிறுக்கிட்டுப் போயிருப்பான். நாலு பக்கம் எதுக்குப் போட்டுப் பாத்தான்?" என்று கேட்டாள். துணி எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போய்விட்டேன். கொடியில் துணி எதுவும் இல்லை.

கடிகாரம் நாளை மறுநாள் மலைக்குக் கிளம்புகிறாள். முகவரி கொடுத்திருக்கிறாள். அவளுக்கு எழுதுவதற்கு முன்னால் முதல் கடிதம் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

மருமகளுக்கு எங்கள் அன்பு. பேரன் இந்த வருடம் ஏழாவது என்று அம்மா சொன்னாள். அவன் எத்தனை பாடத்தில் தவறினாலும் கார்டில் நீயே கையெழுத்துப் போட்டுக் கொடு, முகம் சுளிக்காமல் போடு. நீ, உன் கை, உன் குடும்பம், எல்லோரும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி கேட்டு முடிக்கிறேன். அந்த இரண்டு புள்ளி எதற்கு? போனில் சொல்லாதே, மழை வந்து கெடுத்துவிடும். எழுது. இப்போது நானே படித்துக்கொள்வேன், எத்தனை பக்கமானாலும் சரி. ரிப்போர்ட் கார்டை இத்துடன் அனுப்பவில்லை. அது என்னிடமே இருக்கட்டும். பார்க்க வேண்டும் என்று தோன்றினால் நீதான் வர வேண்டும்.

கீழே இருப்பது நான் போட்டது. நீ போட்டது போல வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

உன் கையெழுத்தில்,
உன் அப்பா